கலாசாலைத் தலைவர்க்கு இலக்கணம்: டஸ்கீகியின் வரலாறு

ஒரு சமூகத்தின் மேன்மைக்குக் கல்வியே அடிப்படை என்பதை இன்று மறுப்பார் ஒருவருமிலர். இவ்வுண்மையை உணர்ந்தே பொருள் படைத்தோர் நிலம் உதவுகின்றனர், பொருளில்லாதோர் தம் மகமைப் பணத்தைச் செலுத்துகின்றனர், கட்டடம் எழுகின்றது, பெரியோர் வந்து திறப்புவிழா நடத்துகின்றனர். இத்தனையும் கைகூடிய பின்னர், அப்பாடசாலையைத் தலைமை வகித்து நடத்துதற்குரியார் யாவர் என்னும் வினா எழுமிடத்து, நாம் முன்னே காட்டிய சிரத்தையிற் பாதியும் காட்டுவதில்லை. இன்னாருக்கு உறவினர், இன்ன பட்டம் பெற்றவர், நீண்டகாலம் உத்தியோகம் வகித்தவர் என்பனவே பெரும்பாலும் நம் தேர்வுக்குக் காரணங்களாகின்றன. இவை குற்றமல்ல, ஆயினும் போதியனவுமல்ல. செல்வத்தாற் கட்டிய மாளிகையைத் தகுதியில்லாத தலைவர் சில ஆண்டுகளிற் பாழாக்குதலும், ஒழுகுங் கூரையின்கீழ்த் தொடங்கிய பள்ளியைத் தகுதியுடைய தலைவர் உலகறியச் செய்தலும் சரித்திரத்திற் காணப்படுவனவே. பின்னதற்குச் சிறந்த சான்றாக விளங்குவது அமெரிக்க நாட்டின் அலபாமா மாகாணத்திலுள்ள டஸ்கீகி கலாசாலையின் வரலாறாகும். கலாசாலைத் தலைவர்க்குரிய இலக்கணம் யாது என்பதை அதனைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அக்கலாசாலையின் முதல் தலைவர் புக்கர் வாஷிங்டன் என்பார். இவர் வர்ஜீனியா மாகாணத்தில் ஒரு பண்ணையில், 1856-ம் ஆண்டில், அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்தார். தாயார் அப்பண்ணையின் சமையற்காரி. 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்றபோது, குடும்பத்தார் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊருக்குச் சென்றனர். அங்கே சிறுவராகிய வாஷிங்டன் உப்புக் காய்ச்சும் உலைகளிலும், பின்னர் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தார். ஹாம்ப்டன் என்னுமிடத்தில் ஏழைக் கறுப்பின மாணவர் வேலை செய்துகொண்டே படிக்கக்கூடிய பள்ளியொன்று உண்டென்று கேள்வியுற்று, 1872-ல் ஏறத்தாழ 500 மைல் தூரம் நடந்தும், கிடைத்த வண்டிகளில் ஏறியும் அவ்விடம் போய்ச் சேர்ந்தார். வழியில் ரிச்மண்டு நகரில் கைப்பொருள் தீர்ந்துவிடவே, பலகை பரப்பிய நடைபாதையின் கீழ்ப் படுத்துறங்கினார். துறைமுகத்திற் கப்பற் சரக்கு இறக்கி வயிறு வளர்த்தார்.

ஹாம்ப்டனில் அவருக்கு நடந்த பிரவேசப் பரீட்சை விநோதமானது. தலைமை ஆசிரியை மேரி மாக்கி அம்மையார், அழுக்கேறிய உடையுடன் வந்து நின்ற இளைஞரைச் சேர்ப்பதா விடுப்பதா என ஐயுற்று, ஒரு வகுப்பறையைப் பெருக்குமாறு பணித்தார். வாஷிங்டன் அவ்வறையை மும்முறை பெருக்கி, நான்கு முறை தூசி துடைத்தார். அம்மையார் தம் கைக்குட்டையாற் சுவரையும் மேசையையும் துடைத்துப் பார்த்து, ஒரு துகளுங் காணாமையால் அவரைச் சேர்த்துக்கொண்டார். அப்பள்ளியை 1868-ல் நிறுவியவர் ஜெனரல் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் வெள்ளையர். கையால் உழைத்தல் இழிவன்று என்பதையும், தலைவனானவன் தான் செய்யாததைப் பிறர்க்கு ஏவலாகாது என்பதையும் வாஷிங்டன் அங்கே கற்றார்.

இனி டஸ்கீகியின் தொடக்கத்தைக் காண்போம். அவ்வூரில் லூயி ஆடம்ஸ் என்றொருவர் இருந்தார். முன்னாள் அடிமையாகிய அவர், தகரவேலை, சேணவேலை, செருப்புவேலை ஆகிய தொழில்களில் வல்லவர், தம்மினத்தாரிடையே செல்வாக்குடையவர். 1880-ம் ஆண்டுத் தேர்தலில் வெள்ளை அபேட்சகர் ஒருவர் கறுப்பர்களின் வாக்கை வேண்டி அவரை அணுகினார். ஆடம்ஸ் தமக்கெனப் பணமோ பதவியோ கேட்டிலர். தம் மக்களுக்கு ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வேண்டுமென்றே கேட்டார். அதன் பயனாக, ஆண்டுக்கு 2,000 டாலர் ஆசிரியர் சம்பளத்துக்காக அளிப்பதென அலபாமா சட்டசபை 1881-ல் சட்டமியற்றியது. ஆடம்ஸும், ஒருகாலத்தில் அடிமைகளை உடையவராயிருந்த காம்பல் என்னும் வியாபாரியும் தலைவர் ஒருவரை அனுப்புமாறு ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு எழுதினர். வெள்ளையர் ஒருவர் வருவார் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு. ஆர்ம்ஸ்ட்ராங்கோ தம் மாணவராகிய வாஷிங்டனையே அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 25.

அவர் வந்து பார்த்தபோது, சம்பளத்துக்குப் பணம் இருந்ததேயன்றி, நிலமில்லை, கட்டடமில்லை, ஒரு பலகைதானுமில்லை. ஈண்டு அவர் முதற்கண் செய்த காரியம் நாம் உற்று நோக்கத்தக்கது. உடனே பாடத்திட்டம் வகுக்க அவர் உட்காரவில்லை. கோவேறு கழுதை பூட்டிய வண்டியொன்றில் ஏறி, ஏறத்தாழ ஒரு மாதகாலம் நாட்டுப்புறமெங்கும் சுற்றினார். குடியானவர் வீடுகளிலே தங்கினார். அவர்கள் உண்ட கொழுத்த பன்றியிறைச்சியையும் சோள ரொட்டியையுமே உண்டார். ஒரே அறையிற் குடும்பம் முழுவதும் உறங்குதலையும், வீட்டு வாசல்வரை பருத்தி பயிரிட்டு, ஒரு கீரைப்பாத்திக்கும் இடம் விடாதிருத்தலையும், கடனுக்கு வாங்கிய பொருள்கள் வீட்டிற் பயனின்றிக் கிடத்தலையும் கண்ணாரக் கண்டார். புத்தகப் படிப்பொன்றையே இம்மக்கட்குக் கொடுத்தால் அஃது அவர்தம் வாழ்க்கையைத் தொடாது போமென்று அறிந்த பின்னரே, தம் பள்ளியிற் கற்பிக்கவேண்டுவன இவையெனத் தீர்மானித்தார். தாம் யாருக்குப் பணிசெய்ய வந்தோமோ அவருடைய வீட்டையும் அடுப்பையும் முதலில் அறிதல் தலைவனது முதற் கடமை என்பது இதனாற் பெறப்படும்.

1881-ம் ஆண்டு ஜூலை மாதம் 4-ந் தேதி, ஒரு தேவாலயத்தையும் அதனையடுத்த பழங்குடிசையையும் இடமாகக்கொண்டு, 30 மாணவருடன் பள்ளி தொடங்கிற்று. மழை பெய்யுங்கால் மாணவரொருவர் எழுந்து, பாடம் கேட்கும் தலைவருக்குக் குடை பிடிப்பாராம். சில வாரங்களில் ஒலிவியா டேவிட்ஸன் என்னும் அம்மையார் துணையாசிரியையாக வந்து சேர்ந்தார். அப்பள்ளிக்கு அடிப்படை இட்டதில் அவரினும் மிகுதியாக உழைத்தவர் வேறொருவருமில்லையென்று வாஷிங்டனே எழுதியுள்ளார்.

ஊருக்கு அருகே 100 ஏக்கர் கொண்ட பாழ்பட்ட பண்ணையொன்று 500 டாலருக்கு விலைக்கு வந்தது. பாதித் தொகையை முன்னதாகக் கட்டவேண்டும். ஹாம்ப்டன் பள்ளியின் பொக்கிஷதாரர் ஜெனரல் மார்ஷல் என்பாருக்கு வாஷிங்டன் கடிதமெழுதினார். பள்ளிப் பணத்தைக் கடன்கொடுக்கத் தமக்கு அதிகாரமில்லையென்றும், தம் சொந்தப் பணத்திலிருந்து 250 டாலர் தருவதாகவும் மார்ஷல் விடையிறுத்தார். நிலம் வந்தது. பண்ணையிலிருந்த குதிரை லாயமும் கோழிக் கொட்டிலும் வகுப்பறைகளாயின. காடழித்துப் பயிரிடும் வேலையை மாணவர் விரும்பவில்லை. அவருட் பலர் தாமே நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆசிரியராயிருந்தவர். படித்தவனுக்கு மண்வேலை ஏன் என்பது அவர் எண்ணம். வாஷிங்டன் வாதாடவில்லை. நாள்தோறும் பள்ளி விட்டதும் கோடரியைத் தோளிற் சுமந்து தாமே காட்டுக்குப் போய் மரம் வெட்டலானார். மாணவர் நாணமடைந்து உடன்வந்தனர். 20 ஏக்கர் திருந்திற்று.

கடனைத் தீர்க்க டேவிட்ஸன் அம்மையார் வெள்ளையர் வீடுகட்கும் கறுப்பர் வீடுகட்கும் வேற்றுமையின்றிச் சென்று உதவி கேட்டார். அந்நாளில் ஏறத்தாழ எழுபது வயதுடைய மூதாட்டியொருத்தி, தன் வாழ்நாளின் சிறந்த பகுதியை அடிமையாய்க் கழித்தவள், கந்தையுடுத்துக் கோலூன்றி வந்து, தன்னிடம் வேறொன்றுமில்லையென்று சொல்லி, ஆறு முட்டைகளைப் பள்ளிக்குக் கொடுத்துப் போனாள். பிற்காலத்தில் லட்சக்கணக்காகப் பணம் வந்தபோதும், தம் உள்ளத்தை அவ்வளவு உருக்கிய நன்கொடை வேறில்லையென வாஷிங்டன் தம் சுயசரிதையிற் குறித்துள்ளார். பொதுப்பணத்தைக் கையாளும் தலைவன், தான் செலவிடும் ஒவ்வொரு காசும் இத்தகைய முட்டையை விற்ற காசென்றே கருதவேண்டும். அவர் அவ்வாறே கருதினார் என்பதற்குப் பள்ளியின் கணக்குகளே சாட்சி. எவர் கேட்பினும் கணக்கைக் காட்டத் தடையில்லாதிருந்தது. அதனாலேயே கொடுத்தவர் மீண்டுங் கொடுத்தனர். ரயில்வே அதிபராகிய ஹண்டிங்டன் என்பார் முதல் சந்திப்பிற் கொடுத்தது 2 டாலர். கடைசிச் சந்திப்பிற் கொடுத்தது 50,000 டாலர். கார்னகி என்னும் பெருஞ்செல்வர் 1903-ல் 600,000 டாலர் வழங்கினார்.

செங்கற் சூளை வரலாறு பலரும் அறியவேண்டியது. கட்டடத்துக்குக் கல் வேண்டும். ஊரிலோ செங்கற் சூளையே இல்லை. செங்கல் அறுக்கும் தொழிலில் முன்பழக்கமின்றியே மாணவரும் தலைவரும் முழங்கால் ஆழம் சேற்றில் நின்று வேலை செய்தனர். 25,000 கற்கள் அடுக்கிய முதற் சூளை வேகாமற் கெட்டது. இரண்டாவதும் கெட்டது. மூன்றாவது, முடியும் தறுவாயில் இடிந்து வீழ்ந்தது. பணமும் தீர்ந்தது, ஆசிரியர் பலரும் இம்முயற்சியைக் கைவிடுமாறு கூறினர். வாஷிங்டன் மாண்ட்கமரி நகருக்குச் சென்று, தம் கைக்கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து, அப்பணத்தால் நான்காவது சூளையை மூட்டினார். அது நன்கு வெந்தது. கடிகாரத்தை மீட்பதற்குள் தவணை கடந்துவிட்டது. அதற்காக அவர் வருந்தியதேயில்லை. பின்னாளில் அம்மாணவர் ஒரே பருவத்தில் 12 லட்சம் கற்கள் அறுக்கும் நிலையை எய்தினர். பள்ளியை விரும்பாதிருந்த வெள்ளையரும் நல்ல கல் வேண்டி அங்கே வரலாயினர். 1901-ல் வாஷிங்டன் எழுதிய கணக்குப்படி, அங்கிருந்த 40 கட்டடங்களில் 36 பெரும்பாலும் மாணவர் கையாலேயே கட்டப்பட்டவை.

விடாமுயற்சி மட்டும் தலைவனை ஆக்கிவிடாது. குறைகேட்கும் செவியும் வேண்டும். விடுதி தொடங்கிய முதல் நாட்களில் உணவு வேளைக்கு வருவதில்லை. வந்தாலும் ஒன்றிருந்தால் ஒன்றிராது. ஒருநாட் காலை உணவு கிடையாமையால் மாணவியொருத்தி தண்ணீராவது குடிப்போமெனக் கிணற்றடிக்குப் போக, அங்கே கயிறு அறுந்து கிடந்தது. இப்பள்ளியிற் குடிக்கத் தண்ணீருங்கூட இல்லையே என்று அவள் நொந்துகொண்டதை, அருகில் நின்ற வாஷிங்டன் தம் காதாலேயே கேட்டார். அச்சொல்லைப்போலத் தம்மைத் தளரச்செய்த சொல் பிறிதில்லை என்றெழுதிய அவர், அவளைக் கடிந்துகொள்ளவில்லை, விடுதியையே சீர்திருத்தினார். பின்னாளில், பள்ளியின் குறைகளை மறைக்காமல் எழுதித் தருமாறு ஆண்டில் இரண்டு மூன்று முறை மாணவரையே கேட்பது அவர் வழக்கமாயிற்று. கூடத்தில் அவர்களோடு மனம்விட்டுப் பேசுதலும் உண்டு. பழிகூறுவோரை விலக்கிப் புகழ்கூறுவோரைச் சுற்றி வைத்துக்கொள்ளும் நிர்வாகிகள் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அடுத்தது ஆசிரியர் தேர்வு. வாஷிங்டன் தம்மினும் கற்றவரைக் கண்டு அஞ்சவில்லை. மாசசூசெட்ஸ் தொழிற்கலைக் கழகத்திற் பட்டம்பெற்ற ராபர்ட் டெய்லர் என்னும் கட்டடச் சிற்பியை வரவழைத்தார்; 1896-ல் ஜார்ஜ் கார்வர் என்னும் பயிர்நூலறிஞரை வரவழைத்தார். பருத்தியால் வளங்குன்றிய நிலத்தில் வேர்க்கடலையும் தட்டைப்பயறும் சர்க்கரைவள்ளியும் பயிரிட்டு மண்ணை உயிர்ப்பிக்கும் வழியைக் கார்வர் குடியானவர்க்குக் கற்பித்தார். 1906 முதல், பள்ளிக்கு வரமாட்டாத உழவரிடம் பள்ளியே செல்லும்படியாகக் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்று கிராமந்தோறும் சென்றது. இவர்களுடைய புகழ் தம் புகழை மறைக்குமே என்று தலைவர் எண்ணியிருந்தால் இவையெல்லாம் நடந்திரா.

நிதி திரட்டும் பொருட்டு வாஷிங்டன் ஆண்டிற் பாதிக்காலம் வெளியூர்களில் இருக்கவேண்டியதாயிற்று. அவ்வாறிருந்தும் பள்ளி ஒருநாளும் தடைப்படவில்லை. காரணம், அவர் அமைத்த நிர்வாக ஒழுங்கே. துறைத் தலைவர்கள் அடங்கிய சபை வாரத்திற்கு இருமுறை கூடும். அறுவர் கொண்ட நிதிக்குழு வாரச் செலவைத் தீர்மானிக்கும். வாரன் லோகன் என்னும் பொக்கிஷதாரர் கணக்கைக் காத்தார். அவர் எங்கிருப்பினும், பள்ளியின் அன்றாட அறிக்கை அவரைத் தேடி வந்துகொண்டிருக்கும். எந்த மாணவர் எக்காரணத்தால் வகுப்புக்கு வரவில்லை என்பதும், விடுதி உணவு எப்படியிருந்தது என்பதும்கூட அதிலே காணும். தாம் ஒருவரில்லாவிடின் எல்லாம் நின்றுபோம் என்று பெருமை கொள்ளும் தலைவர் உலகிற் பலர். தாமில்லாத நாளிலும் தாமிருந்த நாளைப்போலவே நடக்கும்படி அமைப்பவர் மிகச் சிலர்.

இதுகாறும் கூறியவற்றால் வாஷிங்டன் குறையேயில்லாதவர் என்று நேயர்கள் கொள்ளலாகாது. சரித்திரம் எழுதுவோர் ஒருபக்கமே காட்டுதல் நேர்மையன்று. 1895-ல் அட்லாண்டா நகரில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவில், சமூக சமத்துவத்துக்காகக் கிளர்ச்சி செய்வதை விடுத்து, தொழிலாலும் பொருளாலும் முன்னேறுவதே கறுப்பினத்தாருக்குத் தக்கதென்று கூறினார். வெள்ளையர் ஆரவாரித்தனர். ஆனால் 1901-ல் அலபாமா மாகாணம் இயற்றிய புதிய அரசியற்சட்டம் கறுப்பினத்தாரிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. டுபாய்ஸ் என்னும் அறிஞர் 1903-ல் வெளியிட்ட நூலில், வாஷிங்டனின் வழி உரிமையை விட்டுக்கொடுக்கும் வழி என்றும், உயர்கல்வியைத் தாழ்த்தும் வழி என்றும் வன்மையாகக் கண்டித்தார்.

வாஷிங்டன் இறந்தபின் அவருடைய கடிதங்களை ஆராய்ந்தோர் வியப்புக்குரிய செய்தியொன்றைக் கண்டனர். வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்து கைல்ஸ் என்பவர் தொடுத்த வழக்குகள் 1903, 1904 ஆண்டுகளில் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் வரை சென்று தோல்வியுற்றன. அவ்வழக்குகளுக்கு இரகசியமாகப் பொருளுதவி செய்தவர் வாஷிங்டனே! வெளிப்படச் செய்திருந்தால், சட்டசபையின் உதவி நின்றிருக்கும். பள்ளிக்கே ஆபத்து நேர்ந்திருக்கும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கல்வியைக் கையில் வைத்திருப்பவர் அவ்வாறு வாய்பொத்தியிருந்ததை நாம் எளிதிற் பழிக்கவியலாது. எனினும் ஒன்று பழிக்கத்தக்கதே. தம் செல்வாக்கைக்கொண்டு பத்திரிகைகட்குப் பொருளளித்தும், உத்தியோக நியமனங்களிற் கைவைத்தும், தம் கருத்துக்கு மாறாகப் பேசிய தம்மினத்தாரையே அவர் அடக்க முயன்றார். பள்ளியின் பொருட்டுத் தாம் பேசாதிருத்தல் ஒன்று. பேசுவோர் வாயை அடைத்தல் வேறொன்று. முன்னது பொறுக்கத்தக்கது, பின்னது தலைமைக்கு இழுக்கு. மாணவர் குறையை விரும்பிக் கேட்ட அச்செவி, தம் ஒத்தோர் கூறிய குறைக்குத் திறவாது போனமை வருந்தத்தக்கதே.

1915-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி வாஷிங்டன் டஸ்கீகியிற் காலமானார். நியூயார்க்கில் நோயுற்ற அவர், தம் மண்ணிலேயே இறக்கவேண்டுமென்று வற்புறுத்தி ஊர் திரும்பியவர். 30 மாணவருடன் தொடங்கிய பள்ளியில் அப்போது 1,500 மாணவரும், ஏறத்தாழ 200 ஆசிரியரும், 100-க்கு மேற்பட்ட கட்டடங்களும், ஏறத்தாழ 20 லட்சம் டாலர் மூலநிதியும் இருந்தன. அவர் ஜூலியஸ் ரோஸன்வால்ட் என்னும் வணிகருடன் சேர்ந்து 1912-ல் தொடங்கிய கிராமப் பள்ளித் திட்டம், 1932-க்குள் தென் மாகாணங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகளை எழுப்பிற்று. ஊரார் தம் பங்காகப் பணமோ உழைப்போ கொடுத்தாலன்றிப் பள்ளி கிடையாது என்பது அத்திட்டத்தின் விதி.

தலைவர் மறைந்தபின்பு ஸ்தாபனம் என்னவாயிற்று என்பதே தலைமைக்கு இறுதிப் பரீட்சை. வாஷிங்டனுக்குப்பின் ராபர்ட் மோட்டன் என்பார் 1935 வரை தலைவராயிருந்தார். 1923-ல் கறுப்பினப் போர்வீரர்களுக்காக டஸ்கீகியில் அரசாங்க மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அதன் வைத்தியர்களும் கறுப்பினத்தாராகவே இருக்கவேண்டுமென அவர் வற்புறுத்தினார். கூ கிளக்ஸ் கிளான் என்னும் கொடிய கூட்டத்தார் ஊர்வலமாக வந்து அச்சுறுத்தினர். மோட்டன் அசையவில்லை, அவர் கோரியபடியே அடுத்த ஆண்டில் நடந்தது. முன்னவர் வெளிப்படச் செய்யத் துணியாததைப் பின்னவர் செய்தார். ஆனால் அத்துணிவுக்கு நிற்க இடமளித்தது முன்னவர் எழுப்பிய கலாசாலையே. அவருக்குப்பின் வந்த பாட்டர்ஸன் காலத்தில், 1941 முதல் கறுப்பின விமானிகள் அங்கே பயிற்சி பெற்றனர். 1985-ல் அது பல்கலைக்கழகம் என்னும் பெயர் பூண்டது.

நம் நாட்டினரும் இவ்வரலாற்றை நெடுங்காலமாக அறிவர். தென்னாப்பிரிக்காவில் 1903-ல் தொடங்கப்பெற்றுத் தமிழிலும் வெளிவந்த 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில், காந்தியடிகள் அவ்வாண்டிலேயே வாஷிங்டனின் வாழ்க்கையைப் பாராட்டி எழுதினார்.

ஆகவே, பாடசாலைக்குத் தலைவரைத் தேடும் நம் சங்கத்தார் ஆராயவேண்டுவன இவையெனத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, பிள்ளைகளின் குடும்ப நிலையை நேரிற் சென்று அறியும் விருப்பம் அவருக்கு உண்டா? இரண்டாவது, பிறர்க்கு ஏவும் வேலையைத் தாம் செய்ய ஒருப்படுவாரா? மூன்றாவது, பொதுப்பணக் கணக்கை எவர் முன்னும் விரித்துவைப்பாரா? நான்காவது, தம்மினும் வல்ல ஆசிரியரைத் தேடிக் கொணர்வாரா? ஐந்தாவது, மாணவரும் மாற்றுக் கருத்துடையோரும் கூறும் குறையைப் பகையென்று கொள்ளாமற் கேட்பாரா? ஆறாவது, தாமில்லாத காலத்தும் பள்ளி நடைபெறுமாறு ஒழுங்கு அமைப்பாரா? இவ்வாறில் ஐந்து வாஷிங்டனிடம் நிறைந்திருந்தன. ஐந்தாவதாகச் சொன்னது பாதியே இருந்தது. அந்தப் பாதிக் குறைக்காக அவர் பெயர் இன்றளவும் கண்டனத்துக்குள்ளாகி வருதலையும் நாம் மறக்கலாகாது.

இவ்வினாக்களுக்கு உறவும் பட்டமும் விடையாகா. கேட்கவேண்டியவர்கள் நிர்வாக சபையார் மட்டுமல்லர். மகமை செலுத்தும் ஒவ்வொரு குடும்பத்தாரும் கேட்கும் உரிமையுடையார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கட்டட நிதியைப்பற்றிப் பேசும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் இதற்கு ஒதுக்கி, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், தேர்ந்தெடுத்தபின் அவரைத் தாங்கும் முறையையும் தீர ஆலோசிப்பார்களாக. அவ்வாறு செய்வதே நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் மெய்யான உபகாரமாகும்.